மெத்தைமேல் வேகும் மடிக்கணினி



சென்ற ஆண்டு மே மாதத்தில் ஓர் இரவு, டெல்லியில் யமுனைக்குக் கிழக்கே வசிக்கிற ஒரு தமிழ்க் குடும்பத்தார் என்னை வீட்டிற்கு அழைத்திருந்தார்கள். மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில், இவ்வூரார் 'பர்சாத்தி' என்று சொல்லுகிற ஒற்றை அறை அது. பகலெல்லாம் வெயிலில் காய்ந்த கூரை, இரவு ஒன்பது மணிக்கும் உஷ்ணத்தைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தது. குடும்பத் தலைவரான சகோதரர் வாடகைக் கார் ஓட்டுகிறவர். அவருடைய மனைவி மூன்று வீடுகளில் சமையல் செய்கிறார். மூத்த மகன் அனிமேஷன் படிக்கிறான். அவனுடைய படிப்பிற்காக 85,000 ரூபாய் விலையுள்ள கேமிங் மடிக்கணினி ஒன்றை 24 மாதத் தவணையில் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். 14 தவணைகள் முடிந்து, இன்னும் 10 மீதியிருந்தன. அந்த மடிக்கணினி ஒரு வாரமாக வேலையின் நடுவிலே தானாக அணைந்துபோய்க்கொண்டிருந்தது.

"விளையாடி விளையாடியே கெடுத்துவிட்டான், ஐயா. நீங்களே அவனுக்குப் புத்தி சொல்லுங்கள்" என்றார் தகப்பனார். மகன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அருகிலிருந்த ஒரு பழுதுபார்க்கும் கடையில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, மதர்போர்டு போய்விட்டது, மாற்ற 32,000 ரூபாய் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். அவ்வளவு பணத்திற்கு எங்கே போவது? கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு, மீதித் தவணையைக் கட்டித் தீர்ப்பது என்று சகோதரர் முடிவு செய்திருந்தார். விற்றுவிட்டால் மகனுடைய கடைசி ஆண்டுப் படிப்பு என்னவாகும் என்ற கேள்விக்கு அந்த வீட்டில் பதில் இல்லை. தாயார் அடுப்பண்டையில் நின்றபடி முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

நான் தட்டச்சுப் பொறியில் பழகியவன். கணினியின் உள்விவரங்கள் எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. ஆயினும் ஒரு காரியம் என் கண்ணில் பட்டது. அந்த மடிக்கணினி பஞ்சு மெத்தையின்மேல், ஒரு துவாலை விரிப்பில் புதைந்தாற்போல் இருந்தது. அதைத் தூக்கி அடிப்புறத்தைத் தொட்டேன். கையை வைக்க முடியவில்லை. மறுநாளே நேரு பிளேசில் பதினைந்து ஆண்டுகளாகக் கணினி பழுதுபார்க்கிற நம்மூர்ச் சகோதரர் ஒருவரிடம் தகப்பனையும் மகனையும் அழைத்துக்கொண்டு போனேன். அங்கே நான் கண்டதையும் கற்றதையும், கேமிங் மடிக்கணினி உள்ள ஒவ்வொரு வீட்டாரும் அறிந்திருப்பது நலம் என்பதால் எழுதுகிறேன்.

அவர் முதலாவது எங்களுக்குக் காட்டியது கணினியை அல்ல, அதன் சார்ஜர் கட்டியைத்தான். அதன்மேல் 20 வோல்ட், 9 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. இரண்டையும் பெருக்கினால் 180 வாட். நம் வீட்டுச் சாதாரண மின்விசிறி ஏறக்குறைய 75 வாட் மட்டுமே எடுத்துக்கொள்ளும். அதிலும் விசிறி காற்றைத் தள்ளுகிற வேலையைச் செய்கிறது. கணினியோ தான் உட்கொள்ளுகிற மின்சாரம் ஏறத்தாழ முழுவதையும் கடைசியில் உஷ்ணமாகவே வெளியிடுகிறது. பழைய காலத்து 60 வாட் குண்டு பல்புகள் மூன்றை ஒரு நோட்டுப் புத்தகத்திற்குள் வைத்து எரித்தால் எப்படியிருக்கும் என்று சற்றே எண்ணிப் பாருங்கள். விலையுயர்ந்த கேமிங் மடிக்கணினிகளில் இது 240 வாட், 330 வாட் வரையிலும் போகிறது.

இவ்வளவு உஷ்ணமும் விரல் நகங்கள் சில சேர்ந்த அளவேயுள்ள இரண்டு சில்லுகளிலிருந்து பிறக்கிறது. ஒன்று பிராசஸர், மற்றது படங்களை வரைகிற கிராபிக்ஸ் சிப். இவற்றின்மேல் தெர்மல் பேஸ்ட் என்னும் பசை மெல்லியதாகத் தடவப்பட்டிருக்கும். அதன்மேல் தாமிரத் தகடு. தகட்டோடு சேர்ந்து தட்டையான தாமிரக் குழாய்கள். அந்தக் குழாய்கள் வெறும் தாமிரம் என்றே நான் நினைத்திருந்தேன். அவற்றுக்குள்ளே சிறிதளவு நீர், காற்று நீக்கப்பட்ட நிலையில் அடைக்கப்பட்டிருக்கிறது என்று அந்தச் சகோதரர் விளக்கினார். சில்லின் அருகே அந்த நீர் ஆவியாகிறது. ஆவி குழாயின் மறுமுனைக்கு ஓடுகிறது. அங்கே குளிர்ந்து மீண்டும் நீராகி, குழாயின் உட்சுவரிலுள்ள திரிபோன்ற அமைப்பின் வழியாகத் திரும்பி வருகிறது. ஓசையின்றி ஒவ்வொரு வினாடியும் நடக்கிற காரியம் இது. மறுமுனையில் சீப்பின் பற்களைப்போல நெருக்கமான மெல்லிய தகடுகள் இருக்கின்றன. விசிறி அடிப்புறத்திலிருந்து காற்றை இழுத்து, அந்தத் தகடுகளின் ஊடே செலுத்தி, பின்புறமாகவோ பக்கவாட்டிலோ வெளியே தள்ளுகிறது.

அடிப்புறத்திலிருந்து இழுக்கிறது என்பதைக் கவனியுங்கள். மெத்தையும் தலையணையும் மடியும் அந்தத் துவாரங்களை அடைத்துவிடுகின்றன. கடையில் அந்த மடிக்கணினியின் அடிமூடியைத் திறந்தபோது, விசிறிக்கும் தகடுகளுக்கும் இடையே சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டுபோல் ஒன்று ஒட்டியிருந்தது. இடுக்கியால் எடுத்தபோது அது முழுசாக உரிந்து வந்தது. மெத்தைப் பஞ்சும், டெல்லியின் தூசியும், தலைமுடியும் சேர்ந்து பின்னிய திரை. வெளியிலிருந்து பார்த்தால் துவாரங்கள் சுத்தமாகவே தோன்றின. மேசையில் கிடந்த அந்தத் துண்டைத் தகப்பனார் விரலால் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

எவ்வளவு உஷ்ணம் ஆபத்தானது?

இதை அறியாமல் அநேகர் வீணாகப் பயப்படுகிறார்கள், அல்லது வீணாகத் தைரியம் கொள்ளுகிறார்கள். கேமிங் மடிக்கணினியின் பிராசஸர் விளையாட்டின்போது 80 முதல் 90 டிகிரி வரை போவது வழக்கமே. இன்டெல் நிறுவனத்தின் மடிக்கணினி பிராசஸர்களுக்குப் பெரும்பாலும் 100 டிகிரியை ஒட்டி எல்லை வகுக்கப்பட்டிருக்கிறது. அந்த எல்லையை நெருங்கும்போது சில்லு தன்னைத் தானே காத்துக்கொள்ளும்படி வேகத்தைக் குறைத்துக்கொள்ளுகிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த விளையாட்டு திடீரென்று தத்தித் தத்தி நடப்பது பெரும்பாலும் இதனாலேயாம். வேகத்தைக் குறைத்தும் உஷ்ணம் தணியாவிட்டால், கணினி தன்னை அணைத்துக்கொள்ளுகிறது. ஆகவே நம் பிள்ளையின் மடிக்கணினி அணைந்துபோனது மரணம் அல்ல, தற்காப்பு. மதர்போர்டுக்கு ஒரு குறைவும் இருக்கவில்லை.

அப்படியானால் நஷ்டமே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. சில்லு தன்னைக் காத்துக்கொள்ளும். சுற்றியிருக்கிறவைகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தெர்மல் பேஸ்ட் நாளடைவில் காய்ந்து, ஓரங்களுக்குப் பிதுங்கிப்போகிறது. இடைவிடாமல் முழு வேகத்தில் சுழலுகிற விசிறியின் பேரிங் தேய்ந்து கரகரக்கிறது. சில்லைப் பலகையோடு இணைக்கிற ஈயப்பற்றுப் புள்ளிகள் சூடாகும்போது விரிந்து, ஆறும்போது சுருங்கி, பல்லாயிரம் முறை அப்படியானபின் விரிசல் காணலாம். 2008-ஆம் ஆண்டு ஜூலையில் என்விடியா நிறுவனம், மடிக்கணினிகளுக்காகத் தான் விற்ற சில கிராபிக்ஸ் சில்லுகளில் இணைப்புப் பொருள்களின் பலவீனத்தால் வழக்கத்தைவிட அதிகப் பழுது ஏற்படுவதாக அறிவித்து, அதைச் சரிசெய்ய 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. அக்காலத்தில் மடிக்கணினி வாங்கிய அநேகருக்குத் திரை கறுத்துப்போனதன் காரணம் இதுவே.

எல்லாவற்றிலும் முந்திக் கெடுவது பேட்டரி. லித்தியம்-அயான் பேட்டரிக்கு உஷ்ணம் ஒரு சத்துரு. எப்போதும் 100 சதவீதம் நிரம்பியிருப்பது இன்னொரு சத்துரு. கேமிங் மடிக்கணினியோ நாள் முழுவதும் சார்ஜரில் செருகியபடியே, சூட்டிலேயே இருக்கிறது. இரண்டும் சேரும்போது பேட்டரி சீக்கிரமாய்ச் சத்திழக்கிறது. சில வேளைகளில் உப்பிவிடுகிறது. டச்பேடு மேலெழும்பினாலும், அடிமூடி சமமாக உட்கார மறுத்தாலும், உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். உப்பிய பேட்டரியை அழுத்தவோ, குத்தவோ, தொடர்ந்து உபயோகிக்கவோ வேண்டாம். தீப்பற்றும் அபாயம் அதில் உண்டு. இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில், தயாரித்த நிறுவனத்தின் செயலியிலேயே 80 சதவீதத்தோடு சார்ஜ் ஏறுவதை நிறுத்தி வைக்கும் வசதி இருக்கிறது. மேசையிலேயே வைத்து உபயோகிக்கிறவர்கள் அதை இன்றைக்கே போட்டு வையுங்கள்.

செலவில்லாத வைத்தியம்

நேரு பிளேசுச் சகோதரர் சொன்ன ஆலோசனைகளில் முதல் சிலவற்றுக்கு ஒரு காசும் வேண்டியதில்லை. மடிக்கணினியைக் கடினமான, சமமான பலகைமேல் வையுங்கள். மேசை இல்லாத வீடுகளில் சப்பாத்திப் பலகைகூடப் போதும் என்றார். பின்புறத்தை இரண்டு விரற்கடை உயர்த்துங்கள். அந்தப் பிள்ளை சோடா பாட்டில் மூடிகள் நான்கை இரண்டிரண்டாக ஒட்டிப் பின்புற மூலைகளின்கீழ் வைத்திருக்கிறான். காற்று வெளியேறுகிற பக்கத்தில் ஒரு சாணளவாவது இடம் விடுங்கள்; சுவரில் மோதித் திரும்புகிற வெந்த காற்றையே விசிறி மறுபடியும் இழுத்தால் பயன் என்ன?

அறையின் சூடு அப்படியே கணக்கில் சேருகிறது என்பதையும் மறவாதேயுங்கள். அறை 28 டிகிரியாக இருக்கும்போது 82-ல் ஓடுகிற சில்லு, அதே வேலையில், அதே விசிறி வேகத்தில், அறை 40 டிகிரியானால் ஏறக்குறைய 94-க்குப் போய்விடும். டெல்லியின் மே, ஜூன் மாதங்களில் வெளியே 45 டிகிரி காய்கிற பிற்பகலில், கூரைக்கு அடியிலுள்ள அறையில் மணிக்கணக்கான வேலையை வைத்துக்கொள்ளாதிருங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் உள்ள வித்தியாசம், எந்தக் கருவியை வாங்கினாலும் கிடைக்காது.

கூலர் வைத்திருக்கிற வீட்டார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அறையைக் குளிர்விக்க அது நல்லது. ஆனால் அதன் வாய்க்கு நேர் எதிரே மடிக்கணினியை வைத்தால் நீர்த்திவலைகள் துவாரங்களுக்குள் போகும். ஒதுக்கி வையுங்கள். 'ஆந்தி' என்னும் புழுதிக்காற்று எழும்புகிற மாலைகளில் ஜன்னலைச் சாத்தி, கணினியை அணைத்து மூடிவிடுங்கள்.

குளிர்காலத்தில் கவலையில்லை என்று நான் சொன்னபோது அந்தச் சகோதரர் சிரித்துவிட்டார். ஜனவரியில்தான் தமக்கு ஒரு விசேஷமான கூட்டம் வரும் என்றார். பிள்ளைகள் ரஜாய்க்குள் மடிக்கணினியையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு விளையாடுகிறார்களாம்! வெளியே ஏழு டிகிரி. உள்ளே கணினிக்குக் கோடைகாலம்.

அடுத்தது கணினிக்குள் செய்யவேண்டிய மாற்றம். இதைப் பெற்றோர் செய்யவேண்டியதில்லை, பிள்ளைகளே செய்துவிடுவார்கள், ஆயினும் தெரிந்திருங்கள். இத்தகைய மடிக்கணினிகளின் திரை வினாடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்க வல்லது. கட்டுப்பாடு வைக்காவிட்டால் கிராபிக்ஸ் சிப் தன்னாலானமட்டும் படங்களை வரைந்து தள்ளும். விளையாட்டின் அமைப்பிலோ, என்விடியா கண்ட்ரோல் பேனலிலோ வினாடிக்கு 60 படம் என்று உச்சவரம்பு வைத்தால், பெரும்பாலான விளையாட்டுகளில் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. உஷ்ணமும் விசிறியின் இரைச்சலும் மளமளவென்று இறங்கும். என் கண்முன்னே அதைச் செய்துகாட்டினார்கள். ஜெட் விமானம்போல் இரைந்தது இரண்டு நிமிடத்தில் தணிந்தது. போட்டிக்காக விளையாடுகிற பிள்ளைகள் இதற்குச் சம்மதிப்பது கடினம்தான்.

பிராசஸர் சில நொடிகளுக்குத் தன் இயல்பு வேகத்தையும் மீறிப் பாய்கிற 'டர்போ' என்னும் முறை இன்னொரு காரணம். விண்டோஸ் மின்சார அமைப்பில் பிராசஸரின் உச்ச நிலை 100 சதவீதம் என்றிருப்பதை 99 ஆக்கினால், பல மடிக்கணினிகளில் இந்தப் பாய்ச்சல் நின்றுவிடும். அந்த ஒரே எண் மாற்றத்தால் பத்து டிகிரிக்கும் மேலாகக் குறைவதுண்டு. சில புதிய கணினிகளில் இந்த அமைப்பு கண்ணுக்குத் தெரியாது. அவற்றில் நிறுவனத்தின் செயலியில் அமைதி, சமநிலை, முழுவேகம் என்று மூன்று நிலைகள் இருக்கும். சமநிலையே கோடைக்குப் போதுமானது. இவற்றால் பலன் உண்டா என்று அறிய, எச்டபிள்யூஇன்ஃபோ என்னும் இலவச மென்பொருள் சில்லுகளின் டிகிரிகளை எண்ணால் காட்டுகிறது.

ஒரு பழக்கத்தைக் குறித்தும் எச்சரிக்கிறேன். மூடியை மட்டும் மூடி, அணைக்காமலே பைக்குள் போட்டுக்கொண்டு மெட்ரோவில் ஏறுகிறார்கள். இக்காலத்து மடிக்கணினிகள் உறக்க நிலையிலும் இடையிடையே விழித்துக்கொள்ளுகின்றன. சில பைக்குள்ளேயே ஓடி வெந்துபோகின்றன. முழுவதும் அணைத்தபின் பையில் வையுங்கள். வெயிலில் நிறுத்திய காரிலும் விட்டுச்செல்லாதேயுங்கள்.

செலவுள்ள வைத்தியம்

தூசியை எடுப்பதே இதில் முதன்மையானது. டெல்லியைப்போன்ற ஊரில் ஆறு மாதத்திற்கு ஒருமுறையாவது உள்ளே பார்த்துவிடுவது நல்லது. வாரண்டி உள்ள நாட்களில் அந்நிறுவனத்தின் சேவை மையத்திற்கே கொண்டுபோங்கள். வெளியே திறப்பதால் வாரண்டிக்குப் பங்கம் வருமா என்று முன்னதாகக் கேட்டறிந்துகொள்ளுங்கள். வீட்டில் திறக்கத் துணிகிற பிள்ளைகள், முதலாவது பேட்டரியின் இணைப்பைக் கழற்ற வேண்டும். திருகாணிகள் வெவ்வேறு நீளமுள்ளவை. நீளமானதைக் குட்டையானதன் இடத்தில் முடுக்கினால் பலகையையே துளைத்துவிடும். காற்றூதும்போது விசிறியின் இதழை ஒரு பல்குச்சியால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஊதுகிற வேகத்தில் அதைத் தாறுமாறாகச் சுழலவிட்டால் பேரிங் கெட்டுப்போகும். வீட்டு வாக்கும் கிளீனரை உள்ளே நுழைக்கவேண்டாம். அதில் உண்டாகும் நிலைமின்சாரம் நுண்ணிய பாகங்களுக்குத் தீங்கு செய்யும்.

தெர்மல் பேஸ்ட்டை இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். 'திரவ உலோகம்' தடவித் தருகிறேன், இன்னும் குளிரும் என்று எவராவது சொன்னால் நின்று யோசியுங்கள். அதில் காலியம் என்னும் உலோகம் இருக்கிறது. அது அலுமினியத்தை அரித்துவிடும், மின்சாரத்தையும் கடத்தும். ஒரு சொட்டு வழிந்து பலகையில் விழுந்தால் கதை முடிந்தது. சில உயர்ந்த ரகங்களில் நிறுவனங்களே ஆலையில் தக்க பாதுகாப்போடு அதைத் தடவி அனுப்புகின்றன. அப்படிப்பட்டவற்றைத் தெரியாதவர்கள் கையில் திறக்கக் கொடுக்காதிருங்கள்.

கூலிங் பேட் வாங்கலாமா? நானும் கேட்டேன். நீல விளக்குகளோடு கண்ணைப் பறிக்கிறதே என்றேன். அதன் விசிறிகள் கணினியின் துவாரங்களுக்கு நேராக அமைந்திருந்தால் சில டிகிரி குறையும். இல்லாவிட்டால், உயர்த்தி வைப்பதால் வருகிற நன்மை மட்டுமே கிடைக்கும் என்று பதில் வந்தது. பாட்டில் மூடிகள் அதையே செய்கின்றன.

சுத்தம் செய்வதற்கும் புதிய பேஸ்ட்டுக்கும் சேர்த்து 1,200 ரூபாய் ஆயிற்று. அதன்பின் அந்தச் சகோதரர் மகனை ஒரு வேலை ஓட்டிக் காட்டச் சொன்னார். அவன் விளையாட்டைத் திறக்கவில்லை. கல்லூரிக்காகச் செய்த அனிமேஷன் காட்சி ஒன்றை பிளெண்டரில் திறந்து, ரெண்டர் செய்ய விட்டான். இரண்டு சில்லுகளும் முழு வேகத்தில் ஓடின. முன்பு இதே காட்சியில் 100 டிகிரியைத் தொட்டு அணைந்துபோனது, இப்போது 84-ல் நின்றது. அரைமணி நேரம் எல்லோரும் நின்று பார்த்தோம்.

"இதுவும் விளையாட்டைப்போல் சூடாகுமா?" என்று தகப்பனார் கேட்டார்.

"விளையாட்டைவிட அதிகமாகவே ஆகும், அண்ணா. படிப்பு வேலையா, விளையாட்டா என்று கணினிக்குத் தெரியாது" என்றார் அவர்.

அந்த ஒரு வாரமும் மகன் விளையாடவே இல்லை என்பதும், மூன்று இரவுகள் விழித்திருந்து இந்தக் காட்சியைச் செய்துகொண்டிருந்தான் என்பதும், அணைந்துபோகும்போதெல்லாம் முதலிலிருந்து தொடங்கினான் என்பதும் அங்கேதான் வெளியே வந்தது. "முன்பே சொல்லியிருக்கலாமே" என்றார் தகப்பனார். "சொன்னேன் அப்பா" என்றான் அவன். திரும்பி வருகையில் காரில் ஒருவரும் பேசவில்லை. லட்சுமி நகர் அருகே அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, மகனுக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார்.

இப்போது அந்த வீட்டில் ஒரு பழைய மரப்பலகை மேசையாகியிருக்கிறது. மாலையில் வண்டியை நிறுத்திவிட்டு வருகிற சகோதரர், "இன்றைக்கு எத்தனை டிகிரி?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறார். பேட்டரி மட்டும் திரும்பவில்லை. இரண்டு கோடைகளில் அது தன் கொள்ளளவில் 38 சதவீதத்தை இழந்துவிட்டதாக மென்பொருள் காட்டியது. உப்பவில்லை, ஆகவே உடனே மாற்றவேண்டிய அவசியமில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். மீதித் தவணைகள் முடிந்தபின் புதியதை வாங்குவதென்றும், அதுவரை 80 சதவீதத்தோடு நிறுத்தி வைத்துச் சார்ஜரிலேயே ஓட்டுவதென்றும் தகப்பனும் மகனுமாக உட்கார்ந்து தீர்மானித்தார்கள்.